வெட்டு உத்தரவு வந்த வாரம்

என் மகளுக்கு எட்டு வயதில் முழங்கையிலும் முட்டியிலும் மஞ்சள் கட்டிகள் கிளம்பின. வேப்பெண்ணெய் தடவினோம். இரண்டு வருடம் அப்படியே போனது. புத்தி கெட்டவன் நான்.

பிறகு மெட்ராஸுக்குக் கூட்டிப்போனபோது அங்கே டாக்டர் கட்டியைப் பார்த்ததுமே கேட்டார். "சொந்தத்துல கட்டினீங்களா?"

"ஆமாங்க, மாமன் மகளுங்க."

ரத்தத்தில் கொழுப்பு ஏறும் கோளாறு பரம்பரையாக வருவது என்றார். என்னிடமும் என் மனைவியிடமும் பாதிப் பாதி இருந்தது மகளிடம் முழுதாகச் சேர்ந்துவிட்டதாம். மாமன் நாற்பது வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்தார். உழைத்துத் தேய்ந்த உடம்பு, அதனால்தான் போய்விட்டார் என்று பேசிவிட்டு அவர் மகளையே கட்டினேன். காடு பூமி வேறு குடும்பத்துக்குப் போகக் கூடாது என்று வீட்டில் முடிவு செய்தார்கள். நானும் தலையாட்டினேன்.

மகளின் கொழுப்பு மாத்திரைக்குக் கட்டுப்படவில்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை ரத்தத்தை இயந்திரத்தில் விட்டுக் கொழுப்பைப் பிரித்துத் திரும்ப ஏற்ற வேண்டும். விட்டுவிட்டால் இதயக் குழாய் அடைத்துக்கொள்ளும் என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். ஒரு கையில் ரத்தம் போகும், மறு கையில் வரும். பையில் மஞ்சள் தண்ணீர் நிறையும்.

"செக்குல கடலை ஆட்டற மாதிரி என்னைய ஆட்டறாங்கப்பா" என்று சிரிப்பாள். ஒரு வருடத்தில் கட்டிகள் சுருங்கின. பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

எண்பதுகளின் நடுவில், மெட்ராஸ் போக வேண்டிய வாரத்தில், சர்க்கரை ஆலையிலிருந்து எங்கள் காட்டுக் கரும்புக்கு வெட்டு உத்தரவு வந்தது. தவறவிட்டால் அடுத்த உத்தரவு எப்போது வரும் என்று தெரியாது. கரும்பு காய்ந்துபோகும். வெட்டு ஆட்கள் எந்த நாளும் வரலாம், நான் காட்டில் இருந்தாக வேண்டும்.

"ஏனுங்க, நானே கூட்டிட்டுப் போறனுங்க" என்றாள் மனைவி.

"மெட்ராஸ்ல பஸ்ஸு ஏறி எறங்கத் தெரியுமா உனக்கு? ஊட்டுல இரு."

"தெரியாட்டி கேட்டுப் போறேன். வாயி இல்லீங்களா எனக்கு?"

நான் விடவில்லை. மகளும் கேட்டாள். "இந்த வாரம் போகலீங்களாப்பா?"

"அடுத்த வாரம் போலாஞ் சாமி."

அடுத்த வாரமும் போகவில்லை. அதற்கடுத்த முறையும் தள்ளினேன். ஒரு நாள் காலையில் புத்தகப் பையோடு வாசலில் இறங்கியவள் அப்படியே உட்கார்ந்தாள். நெஞ்சு வலிக்கிறது என்றாள். நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. வயது பன்னிரண்டு.

கரும்பு அப்போதும் காட்டில் நின்றது. வெட்டு ஆட்கள் அன்றுவரை வரவே இல்லை. ஆள் வராத காட்டுக்குத்தான் காவல் இருந்திருக்கிறேன்.