இப்போதுதான் வானொலியைத் திறந்தவர்களுக்கு

எங்கள் அண்ணன் எங்களைவிட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரை வாங்கும் உங்களில் பலருக்கு அவர் முகத்தைவிடக் குரல்தான் பழக்கம். முன்பக்கத்துப் படத்தைப் பார்த்து இவரா அவர் என்று சிலர் நினைக்கக்கூடும். இவர்தான். கிரிக்கெட்டையும் ஹாக்கியையும் கபடியையும் பல ஆண்டுகள் வானொலியில் தமிழில் வர்ணித்தவர். அண்ணனுக்கும் அண்ணிக்கும் பிள்ளை இல்லை. ஆகவே இதை எழுதும் பொறுப்பு தங்கையான எனக்கு வந்தது. பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தியே பழகியவள் நான். இதை எழுத உட்கார்ந்தால் முதல் வரியே வரவில்லை. குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் மயிலாப்பூரில் குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில், பல குடும்பங்கள் ஒண்டிக்கொண்டிருந்த வீட்டில் பிறந்தார். அப்பாவுக்கு ராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் வேலை. அண்ணன் பி.ஏ. முடித்த கோடையில் அப்பா காலமானார். மேலே படிக்கும் ஆசையை யாரிடமும் சொல்லாமலே விட்டுவிட்டு, தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்கு அண்ணன் சேர்ந்தார். அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார். என்னை ஆசிரியர் பயிற்சிவரை படிக்க வைத்து, திருமணமும் செய்து கொடுத்த பிறகே தமக்கென்று ஒரு குடும்பத்தை நினைத்தார். நாற்பதைக் கடந்த பிறகும் அவருக்கு நான் "பாப்பா"தான்.

தீபாவளி சமயத்தில் கடையில் கூட்டம் தாங்காது. கூட்டத்தில் தொலைந்துபோன குழந்தைகளைப் பற்றி மைக்கில் அறிவிக்கும் வேலை அண்ணனிடம் வந்தது. பச்சைக் கவுன், கையில் பலூன், இதுவரை அழவில்லை, இனி அழக்கூடும் என்று அவர் சொல்லும்போது, மாடிப்படியில் நெரிந்துகொண்டிருந்தவர்களுக்கும் அந்தக் குழந்தை கண்ணில் தெரியும். புடவை எடுக்க வந்த வானொலி நிலையத்து அதிகாரி ஒருவர் அதைக் கேட்டுவிட்டுத்தான் அவரைக் குரல் தேர்வுக்கு வரச் சொன்னார். அன்றிலிருந்து ஆட்டம் உள்ள நாளில் கடைக்கு விடுப்பு, ஆட்டம் இல்லாத நாளில் கடை என்று அவர் வாழ்க்கை அமைந்தது.

வானொலிக்குப் போன பிறகு இரண்டு விஷயங்களில் அவர் விட்டுக்கொடுத்ததே இல்லை. பார்க்காததைச் சொல்லக் கூடாது. ஸ்கோரைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

"இப்பதான் ரேடியோவைத் திறந்தவன் ஒருத்தன் எங்கயோ இருப்பான் பாப்பா. ஜெயிக்கிறோமா தோக்கிறோமான்னே தெரியாம உக்காந்திருப்பான், பாவம். நான் அவனுக்குத்தான் வேலை பார்க்கிறேன்" என்பார்.

நம் அணி தோற்கும்போது கொஞ்சம் பூசி மெழுகிச் சொல்லக் கூடாதா என்று நான் கேட்டதுண்டு. எனக்கு எதையும் நேராகப் பார்க்கத் துணிவு கிடையாது. குழந்தைக்கு ஊசி போடும்போதும், மகளின் தேர்வு முடிவு வரும்போதும் கண்ணை இறுக மூடிக்கொள்வேன். இது உறவினர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் வீட்டில் சாப்பாடு முடிந்ததும் ஒரு வழக்கு நடக்கும். எது விளையாட்டு, எது விளையாட்டில்லை என்பதே வழக்கு. வியர்த்தால்தான் விளையாட்டு என்பார் என் கணவர். அப்படியானால் தண்ணீர் லாரியும் விளையாட்டா என்று அண்ணி கேட்பார். அதற்கு ஒரு பின்கதை உண்டு. தண்ணீர்த் தட்டுப்பாடு கடுமையாக இருந்த ஒரு கோடையில் தெருவுக்கு லாரி வந்தபோது, குடங்களோடு ஓடிய பெண்களை அண்ணன் மாடியில் நின்று வானொலிக் குரலில் வர்ணித்தார். எதிர்வீட்டு அம்மாள் அண்ணாந்து பார்த்து, "பேசிக்கினே கீறியே நைனா, எறங்கி வந்து ஒரு கொடம் தூக்கக் கூடாதா?" என்றார். அண்ணன் இறங்கிப்போய்த் தூக்கினார். அந்த வீட்டுக்கும் சேர்த்து.

ஆனால் லாரி விளையாட்டில் சேராது என்றுதான் தீர்ப்புச் சொன்னார். அங்கே நடுவர் கிடையாது. நடுவர் இல்லாத போட்டிக்குச் சண்டை என்று பெயர். விதி இருக்க வேண்டும். தோற்றது யார் என்பதில் சந்தேகம் இருக்கக் கூடாது. தோற்றவர் மறுநாளும் ஆட வரவேண்டும். இவ்வளவும் இருந்தால் வியர்க்காவிட்டாலும் அது விளையாட்டுதான் என்பது அவர் கட்சி.

அடுத்து, எந்த ஆட்டம் வானொலிக்குப் பொருந்தும் என்ற வழக்கு. கிரிக்கெட்டில் ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே பேச இடம் இருக்கிறது. அதனால் அது பொருந்தும். ஹாக்கியில் பந்து நாக்கை முந்திவிடும். குறுகிய ஓட்டப்பந்தயமோ ஓடுகிறவர்களின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் தீர்ந்துபோகும். கபடியில் பாடிப் போகிறவரோடு சொல்கிறவரும் கேட்கிறவரும் சேர்ந்து மூச்சைப் பிடிப்பார்கள். ஆகவே கபடி நல்லது. சதுரங்கத்தைப் போட்டால் இருமல் சத்தம்தான் கேட்கும் என்று என் கணவர் கேலி செய்வார். எல்லாவற்றையும்விட வானொலிக்கு ஏற்றது கேரம் என்று ஒருநாள் அண்ணன் சொன்னபோது நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

இளம் வயதில் சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு மன்றத்தில் நண்பர்களோடு கேரம் ஆடியவர் அவர். என் மகள் கவிதாவும் கேரம் ஆடுகிறாள், போட்டிகளுக்குப் போகிறாள். ஆனால் அவள் பள்ளியின் விளையாட்டு விழாவில் கேரமுக்குப் பரிசு கிடையாது. அது மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஆடுவது என்று சொல்லிவிட்டார்கள். அவள் அழுதுகொண்டு வந்த அன்று, ஒரு கேரம் இறுதி ஆட்டத்தையாவது வானொலியில் சொல்லியே தீர்வது என்று அண்ணன் மனத்தில் வைத்துக்கொண்டார். நிலையத்தில் போய்க் கேட்டார்.

"கேரம் லீவுல வீட்ல ஆடறது சார். அதைப் போய் ரேடியோலயா?" என்றாராம் அங்கிருந்த அதிகாரி.

"கிரிக்கெட்டுக்கு மட்டும் என்ன சார், லீவு போட்டுட்டுத்தானே உக்கார்றோம்?" என்றாராம் அண்ணன்.

காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஆண்டும் போய்க் கேட்டார். அதற்குள் வீட்டுக்கு வீடு கேபிள் வந்து, கிரிக்கெட்டுக்கே வானொலியைத் தேடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.

அவருக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய். அது கண்ணைத் தொட்டது. ஒரு பந்தயத்தில் பந்தைப் பிடித்தவரின் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டார். பக்கத்தில் இருந்த சக வர்ணனையாளர் நயமாகத் திருத்திச் சமாளித்துவிட்டதால் கேட்டவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அண்ணன் மறுநாளே நிலையத்துக்குப் போய், இனி தம்மை அழைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. "பார்க்காததைச் சொன்னா அது கதை பாப்பா. நான் கதை சொல்றவன் இல்லை" என்றார். சில மாதங்களில் பார்வை முழுவதும் போயிற்று.

கவிதா ஒரு போட்டியில் இறுதி ஆட்டம்வரை வந்தாள். அடையாறில் ஒரு பள்ளி மண்டபத்தில் ஆட்டம். அண்ணன் தாமும் வருவதாகச் சொன்னார். ஆட்டோவில் ஏறி அவர் வழி சொன்னதுமே ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

"சார், நீ ரேடியோல மேட்ச் சொல்ற ஆளுதானே? இப்பல்லாம் வர்றதே இல்லியே?"

கண் தெரியவில்லை என்று அண்ணன் சொன்னார்.

"கண்ணு போனா இன்னா சார், வாய் கீதுல்ல" என்றார் அவர். மண்டப வாசலில் இறக்கிவிட்டு, அண்ணனைத் தாமே கைபிடித்து நாற்காலிவரை கொண்டுவந்து உட்கார வைத்தார்.

என்ன நடக்கிறது என்று அண்ணனுக்கு நான் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. எதிராளிப் பெண்தான் முதலில் அடிக்கிறாள் என்று சொன்னேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். என் பேச்சு நின்றதிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

"மூடிக்கிட்டியா?"

"ஆமாண்ணா."

"சரி, அப்ப ரெண்டு பேருக்கும் நானே சொல்றேன். அடிச்சதும் வலையில காய் விழுற சத்தம் கேட்டா அவளே மறுபடி அடிப்பா. கேக்கலைன்னா ஆட்டம் கை மாறிடுச்சு. முதல்ல யாருன்னு சொல்லிட்டே இல்ல, அது போதும்."

என் காதோரம் குனிந்து, தாழ்ந்த குரலில், அந்தப் பழைய வானொலித் தமிழில் அவர் சொல்லத் தொடங்கினார். ஸ்ட்ரைக்கர் பலகைச் சட்டத்தில் மோதித் திரும்புவதையும், காய் வலையில் விழுவதையும், கூட்டம் மூச்சை விடுவதையும் வைத்து ஆட்டத்தை நடத்திக்கொண்டு போனார். கேட்டதை மட்டுமே சொன்னார். நடுநடுவே, நடுவர் அறிவித்த ஸ்கோரும் வந்தது. அவர் ஆசைப்பட்ட கேரம் வர்ணனை அன்றுதான் நடந்தது. நேயர் நான் ஒருத்திதான்.

பாதி ஆட்டத்தில் எனக்குத் தாங்கவில்லை. "ஜெயிச்சுடுவான்னு சொல்லுங்கண்ணா" என்றேன்.

"தோத்துக்கிட்டிருக்கா பாப்பா. ஆனா கை நடுங்கல. அடி ஒரே மாதிரி விழுது, கேளு."

கேட்டேன். அவர் சொன்னது உண்மை. கவிதா தோற்றுவிட்டாள். மறுநாள் காலை அண்ணன் எங்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். பின்னால் ஸ்ட்ரைக்கர் சத்தம் கேட்டதும், "வந்துட்டாளா? அப்ப அது விளையாட்டுதான். உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடு" என்றார்.

அதற்கடுத்த கோடையில் சிறுநீரகம் கெட்டு மருத்துவமனையில் சேர்த்தோம். ஒரு பிற்பகல் மருத்துவர் என்னை வெளியே அழைத்துப் பேசினார். திரும்பி உள்ளே வந்து, சரியாகிவிடும் என்று அவர் சொன்னதாகச் சொன்னேன். அண்ணன் என் பக்கம் தலையைத் திருப்பினார். பிறகு கையை நீட்டினார். நான் பிடித்துக்கொண்டேன்.

"பாப்பா, நான் இப்பதான் ரேடியோவைத் திறக்கிறேன். ஸ்கோர் சொல்லு."

என் கண் மூடிக்கொள்ளப் பார்த்தது. அவருக்கு இனி யார் பார்த்துச் சொல்வார்கள்? அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னேன். "ரெண்டு கிட்னியும் நின்னுடுச்சுண்ணா. டயாலிசிஸ் பண்ணாலும் இதயம் தாங்காதாம். இனி நாள் கணக்குதான்னு சொல்றார்."

"கை நடுங்குது. குரல் நடுங்கல. நல்லாச் சொன்னே" என்றார்.

அதற்குப் பிறகு அவர் வேண்டிக் கேட்டவை மூன்றுதான். வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். சிந்தாதிரிப்பேட்டை நண்பர்கள் ஒருமுறை வர வேண்டும். அண்ணியோடு தனியாகப் பேச வேண்டும். பேசினார். என்ன பேசினார் என்பது அண்ணிக்கு மட்டும் உரியது. உண்மை தெரியாமல் போயிருந்தால் இவை எதுவும் நடந்திருக்காது என்று அண்ணி இன்றும் சொல்லுவார். கவிதா தன் பலகையைக் கொண்டுவந்து அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுத் தனியாக ஆடினாள். காய் விழும்போதெல்லாம் அவர் விரல் போர்வைமேல் லேசாக அசையும். வெள்ளிக்கிழமை ஒன்றின் முற்பகலில் விரல் அசையவில்லை. முதலில் கவனித்தவள் அவள்தான். ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

அண்ணனின் நோய்க்காலத்தில் துணைநின்ற மருத்துவர்களுக்கும் செவிலியர்க்கும், சம்பளத்தைக் கடைசி மாதம்வரை வீடு தேடிக் கொண்டுவந்த கடை முதலாளி குடும்பத்தாருக்கும், அவர் உடல் இருந்த பெட்டியருகே நின்று அழுத வானொலி நண்பர்களுக்கும், காரியங்களை முன்நின்று செய்த அண்ணியின் தம்பிக்கும், எங்கள் தெருவாருக்கும், செய்தி கேட்டு வண்டியை எங்கள் வாசலில் நிறுத்திவிட்டு அன்று முழுவதும் சவாரிக்குப் போகாத அந்த ஆட்டோ ஓட்டுநருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன்பட்டிருக்கிறது. பெயர் விட்டுப்போனவர்கள் என் கலக்கத்தை நினைத்து மன்னிக்க வேண்டும்.

அண்ணா, நீங்கள் இப்போதுதான் வானொலியைத் திறந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். அண்ணி நலம். உங்கள் ரேடியோவைத் தினமும் துடைக்கிறார், போடுவதில்லை. பள்ளி விழாவில் கேரமுக்கு இந்த ஆண்டும் பரிசு இல்லை. கவிதா சென்ற மாதம் அரையிறுதியில் தோற்றாள். மறுநாள் ஆடப் போய்விட்டாள். அந்த ஆட்டத்தை நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே பார்த்தேன், பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலிக்காக. உள்ளதைத்தான் சொல்ல வேண்டும் என்பீர்கள். அவள் கை நடுங்கவில்லை. என் கை நடுங்குகிறது.