இடி இடித்த மதியமும் எங்கள் கம்ப்யூட்டரும்

நாங்கள் பெங்களூரு நீலசந்திராவில் இருக்கிறோம். எங்கள் மகள் கீர்த்தனாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஆபரேஷன் செய்து கருவி பொருத்திய பிறகுதான் பேசத் தொடங்கினாள். அவள் முதன்முதலாக "அம்மா" என்று சொன்ன வீடியோ வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. இடம் போதாமல் செல்போனிலிருந்து அதை அழித்துவிட்டேன்.

போன மழைக்காலத்தில் ஒரு மதியம், கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெரிய இடி இடித்துக் கரண்ட் போனது. கரண்ட் வந்த பிறகு எத்தனை முறை பட்டனை அழுத்தியும் அசைவே இல்லை. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் நாத்தனார் சாந்திக்குப் போன் செய்தேன்.

"பயப்படாதீங்க அண்ணி. சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு, பின்னாடி இருக்கிற ஒயர உருவிடுங்க. அப்புறம் பவர் பட்டன அரை நிமிஷம் அமுக்கியே பிடிங்க. உள்ள தங்கின கரண்ட் போயிடும். திரும்ப ஒயர சொருகி ஆன் பண்ணுங்க" என்றாள்.

அப்படியே செய்தேன். திரை இருட்டாகவே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போது மேஜைக்கடியில் கம்ப்யூட்டர் பெட்டியை ஒட்டி உட்கார்ந்திருந்த கீர்த்தனா என் புடவையை இழுத்தாள்.

"அம்மா, உள்ள ஏதோ சுத்துது. கேக்குது."

குனிந்து காதை வைத்தேன். பெட்டிக்குள் ஃபேன் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் திரையும் ஒளிர்ந்தது. வீடியோ பத்திரமாக இருந்தது. அதைத் திறக்கக்கூடத் தோன்றாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது பென் டிரைவில் ஒன்று, சாந்தி வீட்டில் ஒன்று என்று பிரதிகள் வைத்திருக்கிறோம். வானம் இருட்டினாலே கம்ப்யூட்டரை நிறுத்தி ஒயரை உருவிவிடுகிறேன். பிறகு நானும் கீர்த்தனாவும் ஜன்னலருகே உட்கார்ந்து மழையைக் கேட்கிறோம்.