பதினாறு பக்கம் காணாமல் போன கப்பல் கதை

மண்ணெண்ணெய் வாசனை... புது காமிக்ஸைப் பிரித்தால் முதலில் அதுதான் மூக்கில் ஏறும். படித்து முடிப்பதற்குள் விரலெல்லாம் கறுப்பு மை. கதாநாயகியின் உதட்டுச் சிவப்பு உதட்டில் இருக்காது, தாடையில் இருக்கும்! அதையெல்லாம் நாங்கள் குறையாகவே நினைத்ததில்லை.

திருத்தணி பஸ் ஸ்டாண்ட் கடையில் சேகர் அண்ணன் வாங்கி வந்த அந்தக் கப்பல் கதையைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

கேப்டனைக் கொன்றது யார் என்று சொல்ல துப்பறிவாளர் வாயைத் திறக்கிறார்... பக்கத்தைப் புரட்டினால், ஏற்கெனவே படித்த பதினாறு பக்கம் மறுபடியும்! பைண்டிங்கில் பதினாறு பக்க மடிப்பு ஒன்றையே இரண்டு தடவை வைத்து ஒட்டி, கடைசி மடிப்பை விட்டுவிட்டார்கள்.

கடைக்காரரிடம் ஓடினோம்.

"பொம்ம புக்குதானேம்மா... எந்தப் பக்கம் இருந்தா இன்னா?" என்றார்.

கடையில் இருந்த மற்ற பிரதிகளும் அதே லட்சணம். அண்ணன் ரயிலேறி அரக்கோணம் வரை தேடிப் போய், வெறுங்கையோடு வந்தான்.

"சமையல்காரன்தான்டி கொன்னவன்" என்பான். நான் டாக்டர் என்பேன். எத்தனை வருடச் சண்டை அது!

போன மாதம் அதே கதைக்கு மறுபதிப்பு வந்தது. ஆர்ட் பேப்பர், ஹார்டு கவர். விலையைச் சொன்னால் வயிறு எரியும். முன்பதிவு செய்து வாங்கினேன்.

அண்ணனின் இரண்டு கண்களையும் சர்க்கரை வியாதி தின்றுவிட்டது. அதனால் நான் படிக்க, அவன் கேட்டான். துப்பறிவாளர் வாயைத் திறந்தார்... ஆவலில் பக்கத்தைப் புரட்டிக் கடகடவென்று படித்துக்கொண்டே போனேன்.

"ஏய்... இது படிச்சதாச்சேடி. ஏன் திரும்ப அதையே படிச்சிகினு இருக்கற?"

பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன். அவனே கேட்டான்.

"இதுலயும் இல்லியா?"

"இல்லண்ணா..."

பதிப்பகத்துக்கு போன் போட்டேன். "ஒரிஜினல் கிடைக்கல மேடம், பழைய புக்கைத்தான் ஸ்கேன் பண்ணோம். பத்திரமா வைங்க... மிஸ்பிரிண்டுக்குத்தான் மவுசு" என்றான் ஒருவன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிவிட்டு வைத்தேன். ஒரு பயலாவது முழுசாகப் படித்துப் பார்த்திருக்கக் கூடாதா?

அன்று மை ஒட்டும், கலர் விலகும். ஆனாலும் அரக்கோணத்தில் கிடைக்கும் என்று ரயிலேற அண்ணனுக்குக் கண் இருந்தது. இன்று...

புத்தகத்தை வாங்கி மெதுவாகத் தடவிப் பார்த்தான்.

"பேப்பரு நல்லா கீதுடி" என்றான்.