மேற்கால இடிக்கும் பெட்டி

புதுச்சேரியில் ஒலிபெருக்கி விற்கும் ஒரு கடையின் குளிரூட்டிய அறையில், சோபாவின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, எதிரே இருந்த கறுப்புப் பெட்டியைச் சந்தேகமாகப் பார்த்தபடி எங்கள் மாமனார் கேட்டார்: "தம்பி, இது மேற்கால இடிக்குமா?" விற்பனையாளர் பொறுமைசாலி. எந்த சப்வூஃபர் எத்தனை இஞ்ச், எத்தனை வாட்ஸ், எந்த அளவு அறைக்கு எது பொருந்தும் என்பதையெல்லாம் தலைகீழாகச் சொல்லக்கூடியவர். திசையைப் பற்றி மட்டும் அதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. சமாளித்துக்கொண்டு, இவ்வளவு தாழ்ந்த சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மனிதக் காதால் கண்டுபிடிக்க முடியாது, அதனால் பெட்டியை அறையில் எந்த மூலையிலும் வைக்கலாம் என்று விளக்கினார். மாமனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். பக்கம் தெரியாத இடியை வாங்கி என்ன செய்வதாம் என்பது அந்தப் பார்வையின் அர்த்தம்.

எங்கள் மாமனாரைப்போல மரக்காணத்தில் உப்பளம் வைத்திருப்பவர்களுக்கு இடி என்றால் இரண்டே வகைதான். கடல் பக்கம் இடித்தால் அது படகுக்காரர்கள் கவலை. கோடையில் மேற்கே இடித்தால் மழை வரும். பாத்தியிலிருந்து வாரிக் குவித்த உப்பெல்லாம் மூடாமல் கிடந்தால் கரைந்து ஓடிவிடும். எனக்கு இது தெரியாது. நான் வானூர்ப் பக்கம் மழையை நம்பி மணிலாக்கொட்டை பயிர் போடுகிற குடும்பத்துப் பெண். எங்கள் வீட்டில் சித்திரை மாதத்தில் இடித்தால் அப்பா வாசலில் போய் நின்று மேலே பார்த்துச் சிரிப்பார். கல்யாணமான முதல் கோடையில் இங்கே இடித்தபோது, "அப்பாடா, நல்ல மழை வரும்போல இருக்கே" என்று நானும் சந்தோஷமாகச் சொல்லிவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த மூன்று பேரும் இலையை விட்டு எழுந்து ஓடினார்கள். ஓடும்போதே மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை அந்த மழையைவிட மோசமாக இருந்தது.

அந்த ஓட்டத்தில் முதல் ஆள் எப்போதும் மாமனார்தான். அறுபத்தெட்டு வயதிலும் அப்படித்தான் ஓடினார். அப்படி ஓடியபோதுதான் ஒரு நாள் வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. தகடு வைத்து நிமிர்த்திய டாக்டர், இன்னொரு தடவை விழுந்தால் மீதிக் காலம் கட்டிலில்தான் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். மாமனார் பவ்யமாகத் தலையாட்டினார். எழுந்து நடக்கத் தொடங்கிய மூன்றாவது வாரம் மேற்கே ஒரு உறுமல் கேட்டது. கைத்தடியைக் கட்டிலில் விட்டுவிட்டு, மனிதர் கொல்லைக் கதவுவரை போய்விட்டார். தான் எப்படி அங்கே வந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

என் கணவர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். மாடியில் ஒரு ஹோம் தியேட்டர் அறை. சுவரெல்லாம் பஞ்சு மெத்தை, தடித்த கதவு, ஜன்னலே கிடையாது. கோடை முழுவதும் அப்பாவைச் சாயங்காலமானால் உள்ளே உட்காரவைத்துப் படம் போட்டுவிட்டால், வெளியே வானமே இடிந்து விழுந்தாலும் அவருக்குக் கேட்காது என்பது திட்டம். மாமனார் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். ஒரே நிபந்தனை, அடித்தொண்டைச் சத்தம் போடும் அந்தப் பெட்டியை மட்டும் அவர்தான் பார்த்து வாங்குவார். துணைக்கு மருமகள் வந்தால் போதும் என்றார். அப்போதே எனக்கு ஏதோ உதைத்தது.

கடைக்குப் போகும் வழியில், கூனிமேட்டில் டீ குடிக்கக் காரை நிறுத்தியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. "உம் புருஷன் இடியே கேக்காத ரூம் கட்டி வச்சிருக்கான். அதுல எத்தினி நேரந்தாம்மா இருப்பேன்? குளிக்கப் போவணும், சாப்புட வரணும். அப்போ இடிச்சா? எங் காலு எம் பேச்சக் கேக்க மாட்டேங்குது. மாட்டப் பழக்கற மாதிரி இதப் பழக்கணும். இடிக்கறப்ப உக்காந்து பழகணும். அதுக்கு எனக்கு இடி வேணும்."

டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. படுத்துக்கிடந்த மூன்று மாதத்தில் அவருக்கு மலஜலம் எடுத்தது மாமியார். அதை மறுபடி அவளைச் செய்யவிடமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அதற்குப் பிறகு எனக்கும் சிரிப்பு வரவில்லை.

கடையில் நடந்த தேர்வு பெண் பார்க்கும் படலத்தைவிட நீளம். அறையின் அளவைக் கேட்டுவிட்டு விற்பனையாளர் பத்து இஞ்ச் பெட்டியே தாராளம் என்றார். பெட்டியில் போட்டுப் பார்க்க நான் போனில் இடிமழைச் சத்தத்தைத் தேடினேன். மணிக்கணக்கில் கிடைக்கிறது, தூக்கம் வராதவர்கள் தூங்குவதற்காகக் கேட்பார்களாம். "இதக் கேட்டு எவம்பா தூங்குவான்?" என்று மாமனார் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். பத்து இஞ்ச் இடித்தது. "எங்கியோ கடல்ல இடிக்குது" என்று தள்ளிவிட்டார். அடுத்தது பன்னிரண்டு இஞ்ச். அது கல்யாண வெடி, படாரென்று வெடித்துவிட்டு அடங்கிவிடுகிறது என்றார். நிஜமான மேற்கத்தி இடி முதலில் உறுமும், பிறகு உருளும், அது உருண்டு முடிப்பதற்குள் ஆள் வரப்பில் ஏறியிருக்க வேண்டும் என்று விற்பனையாளருக்கு வகுப்பு எடுத்தார். அவரும் ரோஷம் வந்தவராக, உள்ளே போய்ப் பதினைந்து இஞ்ச் பெட்டி ஒன்றை இரண்டு பேரை வைத்துத் தூக்கிவந்து இறக்கினார். அது கல்யாண மண்டபத்துக்கே போதுமான சாமான். முதல் உறுமலிலேயே மாமனார் சோபாவிலிருந்து எழுந்து கண்ணாடிக் கதவுவரை போய்விட்டார். அங்கே நின்று மூச்சு வாங்கிக்கொண்டே, "இத்தையே கட்டுங்க" என்றார்.

வீட்டில் பெட்டியை மேற்கு மூலையில்தான் வைக்க வேண்டும் என்றார். வைத்தோம். முதல் நாள் நாலு மணிக்கு, கதவைச் சாத்த மறந்து நான் ரிமோட்டை அமுக்கிவிட்டேன். கீழே சமையலறையில் எவர்சில்வர் டம்ளர்கள் வரிசையாக விழுந்தன. அது பரவாயில்லை. எங்கள் வீட்டுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் ஒரு மண் சாலைதான். பளிச்சென்ற வெயிலில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் வாரிப் பலகையைப் போட்டுவிட்டுத் தார்ப்பாயை இழுத்து, எல்லாக் குவியலையும் மூடி, மேலே கல்லும் வைத்துவிட்டார்கள். அப்புறம்தான் அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள். அவர்களில் மூத்தவள் நேராக எங்கள் வாசலுக்கு வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"மானம் வெளுத்துக் கெடக்குது, உங்க வூட்டு மாடியில மட்டும் இடிக்குது. இனிமே இடிக்கறதா இருந்தா ஆள் அனுப்பிச் சொல்லிட்டு இடிங்க."

மாமனாருக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தனை வருஷம் உப்பளத்தில் நின்றவளே ஏமாந்துவிட்டாள் என்றால் பெட்டி எப்பேர்ப்பட்டது என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார். தானும் பாதிப் படி இறங்கிவிட்டதை மட்டும் சொல்லவில்லை.

அதிலிருந்து தினமும் நாலு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி. கணவருக்குத் தெரியாது, அப்பா படம் பார்க்கிறார் என்று அவர் நிம்மதியாக இருந்தார். இடியைக் கேட்டாலே மனசு குளிர்கிற ஊரில் பிறந்தவள் இடியைப் போடுகிறேன். இவர் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிக்கிறார். முதல் வாரம் ஒவ்வொரு உறுமலுக்கும் எழுந்தார். இரண்டாவது வாரம் பாதி எழுந்து, தன்னைத்தானே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மருமகள் பக்கத்தில் இருப்பது அப்புறம்தான் நினைவு வரும். ஒரு மாதம் கழித்து, உருண்டு முடியும்வரை அசையாமல் இருந்தார். பெட்டி இடித்தால் இருப்பார், வானம் இடித்தால் இருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்தான். அவருக்கும் அதுதான் சந்தேகம்.

வைகாசியில் ஒரு நாள், கணவர் சென்னைக்குப் போயிருந்தார். மாமியார் கோயிலுக்குப் போயிருந்தாள். நாலரை மணி இருக்கும், மாமனாரை மாடியில் விட்டுவிட்டு நான் துணி எடுக்க இறங்கினேன். மேற்கே கருத்திருந்தது. மின்சாரம் போனது. அடுத்த நிமிஷம் இடித்தது. பெட்டியெல்லாம் அதன் கால் தூசுக்குப் பெறாது. கணவர் ஒட்டிய பஞ்சு எல்லாச் சத்தத்தையும் தடுக்கும், இடியைத் தவிர என்று அப்போதுதான் தெரிந்தது, மாடி அறைக் கதவே அதிர்ந்தது. இரண்டிரண்டு படியாக ஏறி ஓடினேன். இருட்டில் போன் வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தேன். உட்கார்ந்திருந்தார். இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தி ஊன்றி, நாற்காலியின் கைகளைப் பிடித்திருந்தார். "மாமா" என்றேன்.

"எழுந்திரிக்கலம்மா. நீ ஓடு. தார்ப்பாய மேற்குப் பக்கம் ரெட்டையா மடிச்சு கல்லு வைக்கச் சொல்லு."

ஓடினேன். செருப்புகூடப் போடவில்லை. அந்தப் பெண்களோடு சேர்ந்து இழுத்தோம், மடித்தோம், கல் சுமந்தோம். வடக்கு ஓரத்தில் இரண்டு குவியலை எட்ட முடியவில்லை, கண் முன்னாலேயே கரைந்து போயின. மற்றதெல்லாம் தப்பியது. மழை விட்டுச் சொட்டச் சொட்ட மாடி ஏறியபோது ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். மாமனார் விட்ட இடத்திலேயே இருந்தார். கை இரண்டும் நாற்காலியை விடவில்லை. எத்தனை போச்சு என்று கேட்டார், இரண்டு என்றேன். தலையாட்டினார். விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்துவிட்டேன்.

"அம்பது வருசம் ஓடியிருக்கேன். ஒரு நாளும் காலு இப்புடி வலிச்சதில்லம்மா" என்றார்.