ஆக்னஸ் டீச்சரின் தண்ணீர்க் கை

காந்திபுரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சுவரில் உள்ளதையெல்லாம் படிப்பது இப்போது என் பழக்கம். முதியோர் வகுப்பில் எழுத்துக் கூட்டக் கற்ற பிறகு, இந்த ஊரே எனக்காகச் சுவர் முழுக்க எழுதி வைத்திருப்பதுபோல் இருக்கிறது. லாட்ஜ் பெயர், சினிமா, மூல வியாதி வைத்தியர், எதையும் விடுவதில்லை. போன வாரம் காலையில் அப்படி ஒரு புதுச் சுவரொட்டியைப் படித்தேன். ஆ, க், ன, ஸ். அந்தக் கடைசி எழுத்து எனக்கு எப்போதும் தகராறு. அன்று அதுவும் வந்துவிட்டது. ஆக்னஸ் டீச்சர் என்று முழுதாகப் படித்து முடித்த சந்தோஷத்தில் பக்கத்தில் நின்றவரைப் பார்த்துச் சிரித்தேன். பிறகுதான் அதற்கு மேலே இருந்த பெரிய எழுத்துகளுக்குப் போனேன். கண்ணீர் அஞ்சலி என்று இருந்தது. அடக்கம் அன்று மாலை.

இந்த நினைவு மலரை வாசிக்கப்போகிற நீங்கள் பெரும்பாலும் அவரிடம் ஆட்டம் கற்ற பெண்கள். என்னை உங்களுக்குத் தெரியும். அவர் ஆட்டம் சொல்லிக்கொடுத்த கல்லூரியின் விழாக்களுக்கு மைக் செட்டும் விளக்கும் போட்டவன். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பொழுது ஆகிறது. ஆனாலும் அவரைப் பற்றி நானே எழுத வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

முதலில் பார்த்த அன்று அவர் முகத்தை வைத்து வெளிநாட்டுக்காரர் என்று நினைத்துவிட்டேன். மேடை விளக்கு எங்கே வேண்டும் என்று கையைக் காட்டி, கண்ணை உருட்டி, பெரிய பாடுபட்டுக் கேட்டேன். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஏனுங்கண்ணா, வாயிருக்கறப்ப எதுக்குங்க கையை இந்த ஆட்டு ஆட்டறீங்க? நானும் இந்த ஊருதானுங்க. பல்லு கட்டற சீனாக்காரரு பொண்ணு."

அவருடைய அப்பா இங்கே பல் கட்டும் கடை வைத்திருந்தவர். அம்மா கல்கத்தாவில் சீனர்கள் குடியிருக்கும் தெருவில் நாடகம் ஆடிய குடும்பம். டீச்சர் அம்மாவிடம் பழைய ஆட்டத்தைக் கற்றார். பிறகு சென்னைக்குப் போய் இந்தக் காலத்து ஆட்டத்தையும் கற்று வந்தார். பழையதில் பாவாடை மூடிக் கால் தெரியாது. மற்றதில் வெறுங்காலோடு குதித்து, விழுந்து, புரண்டு, மூச்சு வாங்குவது கடைசி வரிசை வரை கேட்கும். இரண்டையும் கலந்து நீங்களே ஓர் ஆட்டம் கட்டிக்கொண்டு வாருங்கள் என்று உங்களை விட்டுவிடுவார். முதல் தடவை நீங்கள் கொஞ்சம் அது, கொஞ்சம் இது என்று ஆடிக் காட்டியபோது, "இட்டிலிக்கும் கேக்குக்கும் ஒரே தட்டு வெச்சுட்டா கலந்துருமா கண்ணு?" என்று கேட்டது நினைவிருக்கும்.

அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான் கோமதி. அன்னூர்ப் பக்கத்துப் பெண். அவள் ஆட்டத்துக்குத் தண்ணீர்க் கை கேட்டாள். சீன நாடகத்தில் சட்டைக் கை நுனியிலிருந்து முழ நீளத்துக்கு இறங்கும் வெள்ளைத் துணிக்கு அதுதான் பெயராம். மற்ற வேஷக்காரர்கள் அதைச் சுழற்றுவார்கள், வீசுவார்கள். செத்துப்போனவர் வேஷம் போடுகிறவர் மட்டும் அதை அசைக்காமல் நேராகத் தொங்கவிட்டு, பாவாடைக்குள் பொடி அடிகளாக வைத்து வழுக்கிக்கொண்டு போவார். டீச்சர் ஒரு தடவை செய்து காட்டினார். தரைக்கும் அவருக்கும் நடுவில் காற்று ஓடியதுபோல் இருந்தது.

கோமதி ஏன் அதைக் கேட்டாள் என்று அன்று அவளே சொன்னாள். அவளுடைய அக்கா ருக்குமணி கல்யாணத்துக்கு முன்பே காய்ச்சலில் போனவள். அப்படிப் போன பெண்ணை வீட்டுக் கன்னியாகக் கும்பிட்டு, ஆடி மாதம் புதுப் பாவாடை தாவணி படைத்துப் பெட்டியில் வைப்பார்கள். மறு ஆடியில் புதியதை வைத்துவிட்டு, பழையதை எடுத்து வீட்டில் இருக்கும் பெண்ணை உடுத்தச் சொல்வார்கள். கோமதி சிறுவயதிலிருந்து உடுத்தியதெல்லாம் அக்காவுக்குக் கொடுத்துத் திரும்பி வந்த துணி. அம்மா அவளை ருக்கு என்றுதான் கூப்பிடுவார்.

"ருக்குன்னா நானும் திரும்பிப் பாத்தே பழகிட்டனுங்க டீச்சர்," என்றாள். "ஒருக்காலாச்சும் அம்மா என்னைய எம் பேரு சொல்லிக் கூப்புடோணும். அதுக்குத்தானுங்க இந்த ஆட்டம்."

அவள் கட்டிய ஆட்டம் இதுதான். மற்றப் பெண்கள் உயிரோடு இருப்பவர்கள். அவர்கள் குதிகால் தரையில் இடிக்கும். கோமதி அவர்கள் நடுவே ஓசையில்லாமல் வழுக்கிக்கொண்டு வருவாள். முடிவில் தண்ணீர்க் கையை உதறிவிட்டு அவளும் குதிகாலை ஊன்றி மிதிக்க வேண்டும். அந்த முடிவு மட்டும் அவளுக்கு வரவில்லை. மிதிக்கப் போவாள், கால் வழுக்கிக்கொண்டு போய்விடும். "எங்காலு கேக்க மாட்டேங்குதுங்க," என்று அழுவாள். டீச்சர், "இது உன்ற ஆட்டம் அம்மணி. எங்காலை உனக்குக் கடன் தர முடியாது," என்று சொல்லிவிட்டார்.

ஒத்திகையை டீச்சர் சன்னலெல்லாம் அடைத்து, விளக்கில்லாமல், பாட்டில்லாமல் நடத்துவார். அவர் கண்ணை மூடிக் காலடிகளைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு மதியம் நான் மேடை ஓரத்தில் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். இருட்டில் பெண்களின் குதிகால்கள் கேட்டன. அவற்றுக்கு நடுவே ஒரு துணி நுனி என் தோளைத் தொட்டுக்கொண்டு போனது. ஈரத் துணிபோல் குளிர்ந்திருந்தது. கோமதி இன்றைக்கு நன்றாக ஆடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஆட்டம் முடிந்து விளக்கைப் போட்டால், கதவைத் திறந்துகொண்டு கோமதி உள்ளே வருகிறாள். அன்னூர் பஸ் வழியில் நின்றுவிட்டதாம். தண்ணீர்க் கைகள் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன.

நான் நடந்ததைச் சொன்னேன். பெண்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள். டீச்சர் மட்டும் எழுந்து போய் அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்தார்.

"பயப்படாதீங்கண்ணா," என்றார். "ஆட்டத்துல அவிங்களுக்கும் பங்கு இருக்குதில்ல. பாக்க வந்திருப்பாங்க. நாளைக்குக் கோமதி ஊட்டுக்குப் போலாம். உங்க மைக் செட் வண்டியை எடுங்க."

போனோம். கோமதியின் அம்மா கயிற்றுக் கட்டிலைத் தட்டிப் போட்டு உட்காரச் சொன்னார். காப்பி வந்தது. எங்களுக்கு ஆளுக்கொன்று. கூட ஒரு தம்ளர், மூலையில் இருந்த அக்காவின் துணிப் பெட்டியின் மேல். எனக்கு எட்டும் தூரத்தில் அதுதான் இருந்தது. கை நீட்டினேன்.

"ஐயா, அது அக்காவுதுங்க," என்று கோமதி என் கையைத் தடுத்தாள்.

"அண்ணனுக்கு நல்ல நேரம், குடிக்கறதுக்குள்ள தடுத்துட்ட," என்று டீச்சர் சிரித்தார். அந்த வீட்டில் அப்படிச் சிரிக்க ஒரு தைரியம் வேண்டும். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எங்க சனத்துலயும் செத்தவிங்களுக்குத் துணி குடுப்பமுங்கம்மா. காயிதத்துல செஞ்சு எரிச்சுருவோம். போனது போனதுதான். நீங்க குடுக்கறீங்க, மறுக்கா வாங்கிக்கறீங்க. துணி வாரப்ப அவிங்களும் கூட வந்துட்டுப் போறாங்க. அவிங்களுக்கும் அலைச்சல்தானுங்களே?"

அந்த அம்மா திரும்பிப் பெட்டியைப் பார்த்தார். "ஆட்டத்துக்கு நான் யாரைப் பாக்க வரோணுங்க? பெரியவளையா, சின்னவளையா?" என்று கேட்டார்.

"ஒருத்தியைப் பாக்க வாங்க. யாருன்னு அங்க வந்து தெரிஞ்சுக்குங்க."

விழா அன்று அவர் வந்தார். முன் வரிசை ஓரத்தில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். டீச்சர் கோமதியிடம், "அம்மா எந்தப் பேரைச் சொல்லிக் கூப்புட்டாலும் உன்ற பேரு வாரவரைக்கும் திரும்பாத," என்று மட்டும் சொல்லி மேடைக்கு அனுப்பினார். நான் விளக்கைக் குறைத்தேன். வெள்ளைக் கைகள் நேராகத் தொங்க, அவள் ஓசையில்லாமல் வந்தாள். அரங்கத்தில் இருமல்கூட நின்றுபோயிற்று.

"ருக்கு!" என்றார் அந்த அம்மா. எழுந்து நின்றுவிட்டார். "ருக்கு, இங்க பாரு கண்ணு!"

கோமதியின் தலை கொஞ்சம் அசைந்தது. அவள் திரும்பவில்லை. மற்றப் பெண்கள் ஆட மறந்து நின்றார்கள். அப்போது நான் பார்த்தது இது. கோமதி நின்றுவிட்டாள், அவள் கைத்துணிகள் நிற்கவில்லை. யாரோ இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல இழுப்பதுபோல் அவை முன்னே நீண்டன. விசிறிக் காற்று என்று பிறகு சிலர் சொன்னார்கள். ஆட்டத்துக்கு முன்பே விசிறிகளை அணைத்தவன் நான்.

கோமதி இரண்டு கைகளையும் உதறினாள். துணி கழன்று விழுந்தது. அவள் குதிகால் மேடைப் பலகையில் இறங்கியது. அந்த ஓசை என் மார்பில் விழுந்தது. மறுபடி மிதித்தாள். மறுபடி, இன்னும் ஓங்கி.

"கோமதி," என்றார் அம்மா. குரல் மாறிவிட்டது. "மெதுவா கண்ணு. காலு நோகும்."

நான் திரையை இழுக்க மறந்து அழுதுகொண்டிருந்தேன். டீச்சர்தான் வந்து இழுத்தார்.

அந்த ஆடியில் அந்த அம்மா பெட்டியோடு என் வண்டியில் ஏறினார். தீயில் போட மனம் வரவில்லை, பவானிக் கூடுதுறையில் விட்டுவிடுகிறேன் என்றார். டீச்சரும் கோமதியும் கூட வந்தார்கள். மேகம் மூடிய காலை. படித்துறையில் இறங்கிப் பாவாடையைத் தண்ணீரில் விட்டார். அது காற்றை வாங்கி உப்பி, நிமிர்ந்து நின்றது. உள்ளே ஆள் இருப்பதுபோல, கால் மட்டும் தெரியாமல், ஆற்றுக்குள் நகர்ந்து போனது. அப்போது அந்த அம்மா, வீட்டு வாசலில் நின்று பெண்ணைப் பள்ளிக்கு அனுப்புகிற குரலில், "போயிட்டு வா கண்ணு," என்று சொல்லிவிட்டார்.

நம் ஊரில் யாரை அனுப்பினாலும் அப்படித்தானே சொல்வோம். ‘போ’ என்று மட்டும் சொல்லி யாரையும் அனுப்பியதில்லை. வாய்ப் பழக்கத்தில் வந்துவிட்டது. வந்த பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

பாவாடை நடு ஆற்றில் நின்றது. மெல்லத் திரும்பியது. எங்களைப் பார்த்துப் படித்துறைக்கே வர ஆரம்பித்தது.

"சுழி இருக்குதுங்க, சுழி," என்றேன் நான். என் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது.

டீச்சர் கோமதியின் முதுகில் கை வைத்தார். "அம்மாவால இனி முடியாது கண்ணு. நீதான் சொல்லோணும்."

கோமதி முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். துணி அவள் இடுப்பைத் தொட்டு நின்றது. அவள் அதைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று பயந்தேன். அவள் குனிந்து, ரகசியம்போல, "போ, அக்கா," என்றாள். வேறு ஒன்றும் சேர்க்கவில்லை. துணிக்குள் இருந்த காற்று ஒரு பெருமூச்சாய் வெளியேறியது. அது படுத்தது, நனைந்தது, ஆறு அதை எடுத்துக்கொண்டது. திரும்பி வரும் வழியெல்லாம் அந்த அம்மா கோமதியின் ஈரப் பாதங்களை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டே வந்தார்.

டீச்சரின் அடக்கத்துக்கு அவர்கள் இருவரும் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு பிடி மண் போட்டோம். என் முறை வந்தபோது கோமதியின் அம்மா என் சட்டையைப் பிடித்து, "பாத்து, வாய்ப் பழக்கத்துல எதையாச்சும் சொல்லிப்போடாதீங்க," என்றார். பட்டவர் அல்லவா. தலையாட்டினேன்.

டீச்சரிடமிருந்து கோமதிக்குக் கிடைத்தது, போக வேண்டியவரைப் போகச் சொல்லும் மனசு. எனக்கு அது கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது, இருட்டில் யாராவது தோளைத் தொட்டால் பயப்படாமல் நிற்பது. அது போதும் என்றிருக்கிறேன். அதனால் மண்ணைப் போட்டுவிட்டு, யாருக்கும் கேட்காமல், தெரிந்தேதான் சொன்னேன்.

"போயிட்டு வாங்க, டீச்சர்."