இன்னும் சத்தமா

தாமுவே பேட்டையில் என் வீட்டுக்கு எதிரே பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் விடுதி. சாயங்காலமானால் ஒரே குரலில் பாடம் ஒப்பிப்பார்கள்.

நான் பத்தாவது படித்த காலத்தில் எங்கள் விடுதியிலும் அப்படித்தான். ஈரச்சுவர் நாற்றத்துக்கு நடுவே படிப்போம். ஆசிரியையைப் பர்மிய வழக்கப்படி சயாமா என்போம். கைகட்டி நின்றுதான் அவரிடம் பேசலாம். ஒருநாள் தெருவில் கூச்சலும் ஆட்கள் ஓடும் சத்தமும் கேட்டன.

"இன்னும் சத்தமாப் படிங்க," என்றார் சயாமா.

படித்தோம். என் பக்கத்திலிருந்த காசிம் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு எழுந்தான்.

"சயாமா, வெளிய என்ன நடக்குது?"

"அது பரீட்சைக்கு வராது. உக்காரு."

காசிம் கட்டிய கையைப் பிரித்தான், படியிறங்கிப் போனான். தொண்டை கம்மும்வரை நாங்கள் படித்தோம். நிறுத்தியபோது தெரு அடங்கியிருந்தது. அவன் திரும்பவேயில்லை.

சயாமா சொன்னது சரிதான். எந்தப் பரீட்சையிலும் அது வரவில்லை.

எதிர்விடுதியில் குரல்கள் திடீரென உயர்கின்றன. எழுந்துபோய்த் தெருவைப் பார்க்கிறேன்.