ஏஜென்டின் மூன்றாவது யூனிட்

கம்பெனிப் பெயர்ப் போர்டைத் துணியால் மூடச் சொன்னபோதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. என் டைரியில் அன்றைய பக்கத்தில், “செவ்வாய், காலை ஒன்பதே முக்கால், போர்டு மூடப்பட்டது” என்று மட்டும் இருக்கிறது. யார் மூடியது என்று எழுதக்கூட எனக்கு மனம் வரவில்லை. மூடியவன் என் தம்பி. துணி அவனுடைய பழைய வேட்டி.

பல்லாவரத்தில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து, வெல்டிங் வேலை செய்பவர்கள் போடும் தோல் கையுறைகளைத் தைத்துக்கொண்டிருந்தான். ஏழு மிஷின், ஏழு பெண்கள். சிட்லபாக்கத்திலிருந்து அரசு அலுவலகத்துக்குப் போய்வந்துகொண்டிருந்த நான் அவனுடைய ஆங்கிலக் கடிதங்களை மட்டும் பார்த்துக்கொண்டேன். எண்பதுகளின் கடைசியில், ஒரு கண்காட்சியில் அவன் கையுறையைப் பார்த்த ஜெர்மன்காரர் ஒருவர் ஆர்டர் கொடுத்தார். தைக்கத் தெரிந்த எங்களுக்கு அனுப்பத் தெரியாது. கஸ்டம்ஸ் காகிதம், வங்கிக் காகிதம், பெட்டியின் மேல் என்ன எழுதுவது, எதுவும் தெரியாது. பாரிமுனையில் ஆபீஸ் வைத்திருந்த ஏஜென்ட் ஒருவர், “நீங்க தைச்சுக் குடுங்க சார், கடல் தாண்டறத நான் பாத்துக்கறேன்” என்றார். பார்த்துக்கொண்டார். மூன்று வருடத்தில் ஒரு பெட்டிகூடத் தவறவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது பொய்யாகிவிடும்.

எங்களுக்கு டெலிபோன் இல்லை. விண்ணப்பித்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தோம். ஆகவே எங்கள் லெட்டர்பேடில் தன்னுடைய டெலிபோன் எண்ணையும் டெலக்ஸ் எண்ணையும் போட்டுக்கொள்ளச் சொன்னார். பெரிய உதவி என்று நன்றிக் கடிதம் எழுதியவள் நான். புரூஃப் திருத்தியவளும் நான்தான்.

நான்காம் வருடம் ஜெர்மன்காரர் நேரில் வருவதாகத் தகவல் வந்தது. அதற்கு முந்தின நாள் ஏஜென்ட் ஷெட்டுக்கு வந்தார். வெளிநாட்டுக்காரர்கள் பெரிய கம்பெனியைத்தான் நம்புவார்கள், இந்தத் தகரக் கூரையைப் பார்த்தால் அடுத்த விமானத்தில் ஓடிவிடுவார், ஒரே ஒரு நாள் போர்டை மூடிவிட்டு இது என் யூனிட் என்று இருக்கட்டும் என்றார். புதிய சரக்கு முழுவதும் அவர் குடோனில் இருந்தது. தம்பி தலையாட்டினான்.

மறுநாள் நான் லீவு போட்டுவிட்டு ஷெட்டுக்கு வந்திருந்தேன். காலையில் வேலைக்கு வந்த மூத்த தையல்காரம்மா அண்ணாந்து பார்த்தாள். “இன்னாக்கா, போர்டுக்கு அடிகிடி பட்டுச்சா? கட்டுப் போட்டுக்கீது?” எல்லாரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பதினொன்றே காலுக்குக் கார் வந்தது. இது எங்கள் மூன்றாவது யூனிட், இவர் சூப்பர்வைசர் என்று ஏஜென்ட் தம்பியைக் காட்டினார். ஜெர்மன்காரர் ஒரு கையுறையை உள்ளும் புறமுமாகத் திருப்பினார். கட்டைவிரல் தையல், பிடிக்கும் பக்கத்தில் உராயாதபடி சற்றுத் தள்ளிப் போயிருக்கும். அதற்காக என் தம்பி ஒரு மழைக்காலம் முழுக்கத் தோலை வெட்டி வெட்டி எறிந்திருக்கிறான். இது யாருடைய யோசனை என்று அவர் கேட்டார். எங்கள் டிசைன் பிரிவு என்றார் ஏஜென்ட், கண் இமைக்காமல்.

அப்போதுதான் பேசினேன். இது என் தம்பியின் தொழிற்சாலை, இந்தத் தையல் அவன் யோசித்தது என்று நல்ல ஆங்கிலத்தில், நிதானமாகவே சொன்னேன். மிஷின்கள் நின்றன. சாட்சிக்கு என் பையிலிருந்து லெட்டர்பேடை எடுத்து நீட்டினேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்த ஏஜென்டின் விசிட்டிங் கார்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் ஒரே எண்கள். குழந்தைக்குக் கணக்குச் சொல்லித் தருவதுபோல விரல் வைத்துக் காட்டி, எல்லாம் ஒரே ஆபீஸ்தானே என்றார்.

“மேடம் எங்க குடும்பம் மாதிரி,” என்று ஏஜென்ட் சிரித்தார். “கொஞ்சம் பாசம் ஜாஸ்தி.”

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏஜென்ட்மீது வந்த கோபத்தைவிட அவன்மீது வந்ததே பெரிது. இன்றும் அப்படித்தான்.

அந்த வாரமே ஜெர்மனிக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினேன், ஒவ்வொரு அனுப்புதலின் தேதியோடும். பதில் எனக்கு வரவில்லை, ஏஜென்டுக்கு டெலக்ஸில் போயிற்று. யூனிட்டுகளின் விஷயங்கள் இனித் தலைமை ஆபீஸ் வழியாகவே வரட்டும் என்று இரண்டே வரி. அதன் நகலை ஆள்விட்டு அனுப்பிவைத்த ஏஜென்ட், கூடவே ஒரு நிபந்தனையும் அனுப்பினார். இனித் தோலையும் அதை வெட்டும் மாதிரியையும் அவர் தருவார், தம்பி தைத்துக் கொடுக்க வேண்டியதுதான். சம்மதக் கடிதம் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அதை டைப் அடித்துத் தரச் சொல்லித் தம்பி என் வீட்டுக்கு வந்தான். முடியாது என்றேன். வேறு ஏஜென்ட் பார்க்கலாம், வேறு வாடிக்கையாளர் தேடலாம் என்றேன். தேடி முடிக்கும்வரை ஏழு பேரும் என்ன செய்வார்கள் என்று கேட்டான். உனக்கு வெட்கமாக இல்லையா என்று மட்டும் கேட்டேன்.

“இருக்குக்கா,” என்றான். “அனுப்பறதுக்குத்தான் அவர், தைக்கறதுக்கு என்னை விட்டா ஆளில்லன்னு நெனச்சுட்டிருந்தேன். நேத்து அவர் குடோன்ல என் கட்டைவிரல் தையலை வேற ரெண்டு பேர் தைச்சுக் கொண்டாந்து வெச்சிருக்காங்க. நல்லாவே தைச்சிருக்காங்க.”

டைப்ரைட்டரில் காகிதத்தைச் செருகினேன். இந்தக் கையுறையின் வடிவத்தில் எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை என்பதுதான் முதல் வரி. அவன் சொல்லச் சொல்ல அடித்தேன்.